ரேடாருக்குக் கீழே சுழலும் காற்று

2020 நவம்பர் 25 இரவு பதினொன்றரை மணிக்கும் மறுநாள் அதிகாலை இரண்டரை மணிக்கும் இடையே நிவர் புயல் கரையேறியது. அது கரையைக் கடந்த இடமாக இந்திய வானிலை ஆய்வுத் துறை குறித்த எண்கள்: வட அட்சம் 12.1, கிழக்குத் தீர்க்கம் 79.9. வரைபடத்தில் தேடிப் பார்த்தால், புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கீழ்புத்துப்பட்டுக் கரையோரமாகத்தான் விரல் போய் நிற்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர், இடையிடையே 145. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 2011 டிசம்பர் 30 காலையில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி மேற்கொண்டு நகராமல் நின்றுவிட்டது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடானது. புயல் என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் புயலின் வயிற்றுக்குள் இன்னொரு காற்றும் பிறப்பதுண்டு. அதைப் பற்றி இந்தக் கரையில் பேச்சு குறைவு. புயல் சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, நாள்கணக்கில் உயிரோடிருக்கும். இந்தக் காற்றின் அகலமோ சில பத்து மீட்டர், மிஞ்சினால் சில நூறு மீட்டர். மேகத்தின் அடியிலிருந்து தரை வரை நீண்டு சுழலும் காற்றுத் தூண் அது. பல சமயம் ஐந்து பத்து நிமிடத்துக்குள் தோன்றி, போகிற வழியில் இருப்பதைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறைந்துவிடும். டொர்னேடோ என்று உலகம் அறிந்திருப்பது இதைத்தான். இங்கே சுழல்காற்று என்றே எழுதுகிறேன்.

புயல் ஓய்ந்த மறுநாள் கரையோர ஊர்களில் ஒரு பேச்சு கேட்கும். "எங்க தெருவுல ஒரு ஓடுகூட பெயரல, அடுத்த தெருவுல கூரையே இல்ல." ஒரு சவுக்குத் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தோப்பு நின்றுகொண்டிருக்கும். மரத்தின் வயது, மண்ணின் ஈரம், காற்றை மறிக்கக் கட்டடம் இருந்ததா இல்லையா என்று இதற்குக் காரணங்கள் பல. அந்த வரிசையில் சுழல்காற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று வந்ததா இல்லையா என்று நிறுவ, இந்தக் கரையில் இன்று இருப்பதிலேயே நல்ல கருவி மக்கள் கையிலிருக்கும் கைபேசிக் கேமராதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வங்கக் கடல் புயலோடு வந்த சுழல்காற்றுக்கு அண்மைக்காலத் தெளிவான சாட்சி மேற்கு வங்கத்தில் இருக்கிறது. 2021 மே 25 அன்று யாஸ் புயல் ஒடிசாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது பாலசோருக்குத் தெற்கே கரையைக் கடந்தது மறுநாள் முற்பகலில்தான். ஆனால் முதல் நாளே, புயலின் மையம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் இருக்கும்போதே, ஹூக்ளி ஆற்றின் கரையிலுள்ள சின்சுரா, பண்டேல் பகுதிகளிலும் எதிர்க்கரை ஹாலிசஹரிலும் சுழல்காற்று இறங்கியது. ஹாலிசஹரில் ஏறத்தாழ 40 வீடுகள் சேதமாயின. மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள் என்று மாநில அரசு தெரிவித்தது. அது ஒடிசாவை நோக்கிப் போகிற புயல், நமக்கு மழைதான் வரும் என்று எண்ணியிருந்த ஊர்களில் இது நடந்தது. தகரமும் ஓடும் சுழன்று பறக்கும் கைபேசிக் காட்சிகள் வெளிவந்த பிறகுதான், வெறும் புயல்காற்று அல்ல இது என்று நாடு முழுவதும் தெரிந்தது.

மையத்திலிருந்து அவ்வளவு தொலைவில் அது எப்படிப் பிறந்தது?

புயலைச் சுற்றி மழை மேகங்கள் வளைந்த பட்டைகளாக நீண்டிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் கைகள் போலத் தெரிபவை அவை. கடல் மேல் வரும்வரை காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. தரையைத் தொட்டதும் மரம், வீடு, மேடு பள்ளம் எல்லாம் சேர்ந்து கீழ்க்காற்றின் வேகத்தை இழுத்துப் பிடிக்கின்றன. மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கு அந்தத் தடை இல்லை, பழைய வேகத்திலேயே ஓடுகிறது. கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று போனால், நடுவில் இருக்கும் காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். தரையில் கிடக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டே போவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். மழைப்பட்டையில் மேல்நோக்கி எழும் சூடான ஈரக்காற்று இந்தச் சுருளின் ஓர் இடத்தைத் தூக்கினால், கிடந்த பாய்ச்சுருள் எழுந்து நிற்கும். இப்போது மேகத்துக்குள் செங்குத்தாக ஒரு சுழற்சி உருவாகிவிட்டது. மேலே இழுக்கப்படும்போது அது நீண்டு ஒல்லியாகிறது. சுழலும் எதுவும் ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். தரை மட்டத்திலும் அந்தச் சுழற்சி இறுகிவிட்டால் அதுதான் சுழல்காற்று.

அமெரிக்கச் சமவெளியில் வசந்த காலத்தில் வரும் பெரிய சுழல்காற்றுகளைப் பெறுவது சூப்பர்செல் எனப்படும் பிரமாண்டமான இடிமேகங்கள். புயலின் மழைப்பட்டைக்குள் உருவாவது அதன் குள்ள வகை. உயரம் குறைவு, அகலம் சில கிலோமீட்டர்தான். இடியும் மின்னலும்கூட அதிகம் இருக்காது. சுழற்சி பெரும்பாலும் தரையிலிருந்து முதல் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த மூன்று கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடாரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

புயலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இது சமமாக வருவதில்லை. வட அரைக்கோளத்தில், புயல் போகும் திசையை நோக்கி நின்றால் முன்புறத்தின் வலப்பக்கம்தான் ஆபத்தான பகுதி. யாஸ் வட வடமேற்காகப் போனது, ஹூக்ளி அதன் வலப்பக்கத்தில் இருந்தது. நம் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்காக வருபவை. அவற்றின் வலப்பக்கம் என்பது வடபக்கம். தானே புயலின்போது கீழ்புத்துப்பட்டும் மரக்காணமும் இருந்தது அந்தப் பக்கத்தில். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டிக் கடந்தபோது இதே ஊர்கள் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டன.

எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று அறிய வரைபடம் தேவையில்லை, கடற்கரைக்காரருக்குக் காற்றே சொல்லிவிடும். புயலின் மையம் நமக்குத் தெற்கே கடப்பதாக இருந்தால், முதலில் வாடைக்காற்றாக வடகிழக்கிலிருந்து வீசும். நேரம் ஆக ஆகக் கொண்டலாகிக் கிழக்கிலிருந்து வரும், பிறகு தென்கிழக்குக்குத் திரும்பும். கடலிலிருந்து கரைக்கு ஏறும் காற்று இது. நான் சொன்ன உருளல் நடப்பதும் இதில்தான். மையம் வடக்கே கடந்தால் காற்று வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அப்போது சுழல்காற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியானால் நம் கரையில் ஏன் இது அடிக்கடி நடப்பதில்லை? அமெரிக்காவில் 2004-ல் ஐவன் என்ற ஒரே ஹரிகேன் புயல் ஏறத்தாழ 120 சுழல்காற்றுகளைப் பெற்றது. 1967-ல் பியூலா டெக்சஸ் மாநிலத்தில் நூற்றுக்கும் மேல் இறக்கியது. அங்கே பல புயல்கள் 25 முதல் 30 பாகை அட்சத்தில் கரையேறுகின்றன. அந்த அட்சத்துக்கு வரும்போது வளிமண்டலத்தின் மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்றின் பிடிக்குள் புயல் வந்துவிடும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள காற்று வேறுபாடு அதனால் இன்னும் கூடுகிறது. பக்கத்து நிலப்பரப்பிலிருந்து வறண்ட காற்று நடுவுயரத்தில் நுழைந்து மழைப்பட்டைகளுக்கு இடையே வானத்தைத் திறந்துவிடும், அந்த இடைவெளியில் வெயில் விழுந்து தரை சூடாகும். சூடான தரைக்காற்று எழும்பும் வேகம் அதிகம். அதனால்தான் புயல் சார்ந்த சுழல்காற்றுகள் பிற்பகலில் கூடுகின்றன. கீழ்புத்துப்பட்டோ 12-ஆம் பாகையில் இருக்கிறது. இங்கே புயல்காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடியே கிடக்கும், தரை குளிர்ந்திருக்கும். நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் மூன்றும் கரையேறியது இரவில். வாய்ப்பு குறைகிறது என்பதற்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் வாய்ப்பே இல்லை என்று இவை சொல்லவில்லை. கடல்காற்று தரையேறும்போது கீழடுக்கு வேகம் குறைவதென்பது அட்சம் பார்த்து நடக்கும் காரியம் அல்ல.

இன்னொரு வகையும் உண்டு. புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச்சுவரிலேயே, அதன் மிக உக்கிரமான அந்த வளையத்துக்குள்ளேயே, சிறு சுழல்கள் பிறந்து சுற்றிவருகின்றன. 1992-ல் ஆண்ட்ரூ ஹரிகேன் புளோரிடாவின் தென்பகுதியைச் சிதைத்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட் ஃபூஜிடா சேதத்தை வீதி வீதியாக ஆராய்ந்தார். குறுகிய கோடுகளாக ஒரு வரிசை வீடுகள் மட்டும் தரைமட்டமாகியிருப்பதைக் கண்டு, மேகச்சுவருக்குள் சுற்றிய குறுஞ்சுழல்களே காரணம் என்றார். நிவரின் மேகச்சுவர் கடந்த கரை நம்முடையது. அடுத்த தெருவில் கூரையில்லை என்ற பேச்சை அலட்சியமாகக் கேட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி ரேடார். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இருக்கிறது. காரைக்காலில் இன்னொன்று. இரண்டும் நல்ல கருவிகள், புயலின் மையத்தை மணிக்கு மணி பின்தொடர இவையே ஆதாரம். ஆனால் கீழ்புத்துப்பட்டு இந்த இரண்டுக்கும் நட்டநடுவில், இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கிறது. ரேடாரின் கதிர் அடிவானத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் அரைப் பாகை சாய்வில், கிளம்புகிறது. போகப் போக அது உயர்கிறது. பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 120 கிலோமீட்டர் தொலைவில் கதிரின் நடுப்பகுதி தரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கதிர் அகன்றுகொண்டும் போகும். ஒரு பாகை அகலமுள்ள கதிர் அந்தத் தொலைவில் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் அகல வலையில் நூறு மீட்டர் சுழல் எப்படிச் சிக்கும்? அந்தச் சுழலைப் பெற்ற குள்ள மேகத்தின் சுழற்சியும் முதல் மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பதால், ரேடார் பார்ப்பது அதன் மேல்பாதியை மட்டும்தான். சென்னையிலிருந்து பார்த்தாலும் காரைக்காலிலிருந்து பார்த்தாலும் இந்தக் கரையின் கீழ்வானம் மறைந்தே இருக்கிறது. கருவியின் தரத்தில் குறையில்லை, தொலைவுதான் காரணம். காலாப்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் இடையே ஒரு சிறிய ரேடார் நிறுவினால் இந்த இருட்டு விலகும். அதைக் கேட்கும் உரிமை இந்த ஊர்களுக்கு இருக்கிறது.

புயலுக்கு நம்மிடம் நான்கு கட்ட எச்சரிக்கை உண்டு, துறைமுகக் கூண்டுகள் உண்டு. சுழல்காற்றுக்கென்று தனி எச்சரிக்கை இல்லை. அமெரிக்காவில் உண்டு. 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் ஹரிகேன் புளோரிடாவின் மேற்குக் கரையை நெருங்கியபோது, ஒரே நாளில் அந்த மாநிலத்துக்கு 126 சுழல்காற்று எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட சுழல்காற்றுகள் உறுதிசெய்யப்பட்டன. புயல் கரையேறியது அன்றிரவு, மேற்குக் கரையில். ஆனால் பிற்பகலிலேயே, புயல் இன்னும் கடலில் இருக்கும்போதே, எதிர்ப்புறம் கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் அருகே முதியவர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் சுழல்காற்று புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். இலகுவான கட்டுமானத்தில் அமைந்த வீடுகள் அவை. ஜப்பானிலும் இப்படி நடந்திருக்கிறது. 2006 செப்டம்பர் 17 அன்று ஷான்ஷான் புயலோடு வந்த சுழல்காற்று நொபெயோகா நகரில் மூவரைக் கொன்று, ஒரு விரைவு ரயிலையும் தடம்புரட்டிக் கவிழ்த்தது.

மில்டன் நாளின் இன்னொரு சிறப்பு காட்சிப்பதிவுகள். புயல் சார்ந்த சுழல்காற்றைப் படம்பிடிப்பது வழக்கமாக மிகக் கடினம். மேகம் தாழ்ந்திருக்கும், மழை திரையாக விழும், சுழல் குட்டையானது, வேகமாக ஓடும், நிமிடங்களில் மறையும். மில்டன் அன்று வறண்ட காற்று நுழைந்திருந்ததால் பல இடங்களில் வானம் தெளிவாக இருந்தது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் குறுக்கே போகும் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தியவர்கள், சுழல்காற்று சாலையைக் கடப்பதை முழுசாகப் பதிவுசெய்தார்கள். சதுப்பு நிலத்தில் மறைப்பு இல்லை, அடிவானம் வரை வெட்டவெளி. மரக்காணம் உப்பளம் அப்படிப்பட்ட வெளிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றால் வரப்பு, மின்கம்பம், தூரத்துப் பனை தவிர எதுவும் குறுக்கே வராது. கழுவேலி ஏரிப்பக்கமும் அப்படியே.

படம் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு முன்னோடி 1957. அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று டல்லஸ் நகருக்குள் பட்டப்பகலில் சுழல்காற்று புகுந்தது. பலர் அதைச் சினிமாக் கேமராக்களில் பிடித்தார்கள். வால்டர் ஹோக்கர் என்ற ஆய்வாளர் அந்தச் சுருள்களை வாங்கி, பறக்கும் சிதிலங்கள் ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே எவ்வளவு நகர்ந்தன என்று ஒவ்வொன்றாக அளந்தார். மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வரை காற்றின் வேகம் கணக்கில் வந்தது. எந்தக் காற்றுமானியும் அதை அளந்திருக்க முடியாது, அது இருந்த இடத்தில் கருவி மிஞ்சாது. அதே ஆண்டு ஜூன் 20 அன்று ஃபார்கோ நகரைச் சுழல்காற்று தாக்கியது. ஃபூஜிடா அங்கே போய், உள்ளூர் மக்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புகைப்படங்களைக் கால வரிசையில் அடுக்கினார். எந்த வீட்டு மாடியிலிருந்து எந்தத் திசையில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் இடம் கண்டுபிடித்தார். சுழல்காற்று பிறக்கும் மேகத்தின் உறுப்புகளுக்கு இன்று வானிலையாளர்கள் வழங்கும் பெயர்கள் சில அந்த ஆய்வில் பிறந்தவை. சேதத்தை வைத்து வேகத்தை மதிப்பிடும் ஃபூஜிடா அளவுகோல் 1971-ல் வந்தது. ஃபார்கோவில் படம் எடுத்தவர்கள் யாரும் அறிவியலாளர்கள் அல்லர், வீட்டு வாசலில் நின்ற சாதாரண மக்கள்.

ஹோக்கர் செய்ததை இன்று ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியில் செய்யலாம். உப்பளத்துக்கு அப்பால் ஒரு சுழல் போகிறது, அதன் அருகே 20 மீட்டர் உயரப் பனை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காட்சியில் அந்தப் பனை 200 புள்ளி (பிக்சல்) உயரம் இருந்தால், பத்துப் புள்ளிக்கு ஒரு மீட்டர். பறக்கும் தகரம் ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததுக்கு 15 புள்ளி நகர்ந்தால், அது ஒன்றரை மீட்டர். கைபேசி நொடிக்கு 30 சட்டகம் எடுக்கிறது. ஆக நொடிக்கு 45 மீட்டர், மணிக்கு 162 கிலோமீட்டர். நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம் இந்தக் கணக்கில் வராது, ஆகவே உண்மை வேகம் இதைவிடக் குறைய வழியில்லை. அதே சுழலை வேறொரு இடத்திலிருந்து இன்னொருவரும் எடுத்திருந்தால், இரண்டு பார்வைக்கோடுகளும் வெட்டும் புள்ளியில் அது எங்கே இருந்தது என்பதும் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு நடக்க வேண்டுமென்றால் படம் ஒரு முறையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பரவும் பெரும்பாலான காட்சிகள் இதில்தான் வீணாகின்றன. கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சுழலைத் துரத்திப் பெரிதாக்க வேண்டாம். அடிவானமும், நகராத ஒரு பொருளும், கம்பமோ பனையோ தண்ணீர்த் தொட்டியோ, காட்சிக்குள் இருக்கட்டும். கையைத் தூணில் ஊன்றி ஒரே இடத்தில் நிற்பது, ஓடி ஓடி எடுப்பதைவிடப் பத்து மடங்கு பயன். எந்த ஊர், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதை எடுக்கும்போதே வாயால் சொல்லிவிடலாம். எடுத்ததை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், மூலக் கோப்பாகவே வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், நேரமும் இடமும் பதிந்த விவரங்களும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். ஒவ்வொரு புயலின்போதும் வேறு நாட்டுப் பழைய காட்சிகள் நம்மூர்ப் பெயரில் சுற்றுகின்றன. மூலக் கோப்பு கையில் இருப்பதுதான் அதற்கு நல்ல மறுப்பு.

எது சுழல்காற்று, எது இல்லை என்பதிலும் கவனம் வேண்டும். புயல்நேரத்தில் தாழ்வாகக் கிழிந்து தொங்கும் மேகத் துண்டுகள் ஓடும். தூரத்தில் தனித்து விழும் மழைத்தாரை தூண்போலத் தெரியும். பார்த்ததும் சுழல்காற்றின் வால் என்று தோன்றிவிடும். தொங்குவது சுழல்கிறதா, அதன் நேர்கீழே தரையில் தூசியோ தண்ணீரோ சிதிலமோ சுற்றி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மேகத்தின் வால் தரையைத் தொடுவதுபோல் தெரிய வேண்டிய அவசியமில்லை. பாதி வரை இறங்கிய வாலும், கீழே சுழலும் உப்பளத் தண்ணீரும் சேர்ந்திருந்தால் போதும்.

இப்போது உயிரைப் பற்றி. அமெரிக்கச் சமவெளியில் சுழல்காற்றுகள் பெரும்பாலும் வடகிழக்காக ஓடும், படமெடுப்பவர்கள் அதன் தென்பக்கம் நின்று தப்பிக்கொள்வார்கள். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. புயலின் வடபக்கத்தில் மழைப்பட்டை கடலிலிருந்து கரைக்கு ஓடுகிறது, அதற்குள் பிறந்த சுழலும் அதே வழியில்தான் வரும். கடல்மேல் நீர்ச்சுழலாகத் தெரிவது சில நிமிடத்தில் கரையேறலாம். ஆக, கடற்கரையில் கடலைப் பார்த்து நின்று அதைப் படமெடுப்பவர் அது வரும் பாதையிலேயே நிற்கிறார். ஒரு சோதனை உண்டு. நகராத ஒரு கம்பத்தோடு ஒப்பிட்டால் சுழல் இடமோ வலமோ விலகுகிறதா? விலகினால் அது நம்மைக் கடந்து போகிறது. விலகாமல் பெரிதாகிக்கொண்டே இருந்தால் நேராக நம்மிடம் வருகிறது. அந்த நிமிடமே கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கான்கிரீட் வீட்டின் உள்ளறைக்கு, ஜன்னல் இல்லாத மூலைக்குப் போய்விட வேண்டும். தகரக் கொட்டகையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அடைக்கலம் அல்ல. பறக்கும் தகரம்தான் ஆளை வெட்டுகிறது. கீழ்புத்துப்பட்டில் மீனவர் வீடுகளும் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கின்றன. இலேசான கூரையின் கீழ் இருப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்தபோதே பாதுகாப்பு மையத்துக்குப் போயிருந்தால், பெயரே தெரியாத இந்தக் காற்றிலிருந்தும் அவர்களுக்குக் காப்பு கிடைத்துவிடுகிறது. படமெடுக்க யாரும் வெளியே வரக் கூடாது. பாதுகாப்பான கட்டடத்துக்குள் இருந்தபடி கண்ணில் பட்டால் எடுக்கலாம், அவ்வளவே.

நிவர் போல நள்ளிரவில் வந்தால்? முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியிருப்பார்கள், அது சரியான நடவடிக்கை. கேமராவுக்கு எதுவும் தெரியாது. ஆனால் சில கைபேசிகளில் காற்றழுத்தமானி இருக்கிறது, அதன் அளவை நொடிக்கு நொடி பதியும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. புயல் நெருங்கும்போது அழுத்தம் மணிக்கணக்கில் சீராக இறங்கும். சுழல்காற்று அருகில் போனால் அந்தச் சீரான கோட்டில் திடீரென ஒரு பள்ளம் விழுந்து, நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு ஏறிவிடும். வீட்டுக்குள் மேசைமேல் கிடக்கும் கைபேசி இதைச் செய்துவிடும், யாரும் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

விடிந்ததும் தோப்புக்குப் போகலாம். நேராக வீசிய புயல்காற்று சவுக்குகளை ஒரே பக்கமாகப் படுக்கவைத்திருக்கும், வாரிவிட்ட தலைமுடி மாதிரி எல்லா நுனியும் ஒரு திசையில். சுழல்காற்று போன தடத்தில் அப்படியிருக்காது. தடத்தின் நடுக்கோட்டை நோக்கி இருபுறத்து மரங்களும் உள்முகமாகச் சாய்ந்திருக்கும், வலப்பக்கத்தில் சேதம் கூடுதலாகத் தெரியலாம், தடத்துக்கு வெளியே சில அடியில் நிற்கும் மரம் இலை உதிர்த்ததோடு சரி. இதைத் தோப்புக்குள் நின்று பார்ப்பதைவிட ட்ரோனில் மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் மரத்தை அப்புறப்படுத்தும் வேலை மறுநாளே தொடங்கிவிடும். சாலையில் விழுந்ததை அறுத்து ஓரம் தள்ளுவார்கள், தோப்புக்காரர் விறகுக்கு விற்றுவிடுவார். இரண்டு மூன்று நாளில் தடயம் போய்விடும். அதனால் அறுவைக்கு முன் ஒரு சுற்றுப் படமெடுப்பது முக்கியம். விழுந்த ஒவ்வொரு மரத்தின் அடிப்பக்கம் நின்று, நுனியை நோக்கிக் கைபேசியின் திசைகாட்டியைப் பிடித்து, அது காட்டும் பாகையை எழுதிக்கொண்டால் போதும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் ஒரு தோப்பையே முடித்துவிடுவார்கள்.

இதற்கான தயாரிப்பைப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், உப்பு வாரும் வேலை ஓய்கிற நேரத்தில் செய்துவைக்கலாம். ஊரில் உயரமான மூன்று நான்கு கான்கிரீட் மாடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தெளிந்த நாளில் எட்டுத் திசையையும் படமெடுத்து வைக்க வேண்டும். படத்தில் தெரியும் பனைகள், மின்கம்பங்கள், கைபேசிக் கோபுரங்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு தொலைவு என்று அளந்து ஒரு நோட்டில் எழுதி, மாடியின் அட்ச தீர்க்க எண்களையும் சேர்த்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். காலாப்பட்டில் பத்து நிமிடத் தூரத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க அங்கே ஆள் உண்டு. நவம்பரில் எந்த மாடியிலிருந்து பத்து விநாடிக் காட்சி கிடைத்தாலும், அந்த நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து அன்று மாலையே அளவெடுத்துவிடலாம்.